வகுப்பு விதி யாரைக் கட்டும்?

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறந்ததும், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்கு விதிகளின் ஜாபிதா ஒன்று வாசிக்கப்படுகிறது. வேளைக்கு வா, பேசாதே, உத்தரவின்றி எழுந்திராதே, வீட்டுப் பாடத்தை முடித்து வா என்று அது நீளும். விதியே கூடாதென்பாருடன் நாம் சேரோம். நாற்பது பிள்ளைகள் ஏககாலத்தில் பேசினால் எந்தப் பாடமும் நடவாது. ஆயினும், அவ்விதி நியாயமானதா, அது யாரைக் கட்டும் என்பதைச் சிந்திப்பார் அரியர்.

பழைய செய்தியொன்றை இங்கே நினைவூட்டுவோம். கவர்னர் மன்றோ 1822-இல் சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் குறித்து விசாரிக்க உத்தரவிட்டார். அதற்குப் பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில் விசித்திரமான வழக்கமொன்று காணப்படுகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவனுக்குப் பூஜ்யம். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்னே வருபவர்க்கு ஒவ்வொன்றாக ஏறும். இக்கணக்குப்படி இருபதாவதாக வந்தவன் பதினெட்டு அடி வாங்க வேண்டும்! எல்லாரும் வேளைக்கு முன்னமே வந்துவிட்டாலும் ஒருவன் கடைசியாக வந்தே தீரவேண்டுமல்லவா? குற்றமே செய்யாதவனையும் குற்றவாளியாக்கும் விதி அது.

பிரம்பு இன்று சட்டப்படி ஒழிந்தது. 1-4-2010-இல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் அவர்கள் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. ஆனால் பல்லாரிக் கணக்கு முற்றும் ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. ஒருவன் பேசியதற்கு வகுப்பு முழுவதும் நிற்கிறது. பஸ் தாமதமானதற்குப் பிள்ளை பதில் சொல்கிறான். வீட்டுப் பாடம் எழுதாத பெண் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். நேற்றைய பாடம் அறியாதவள் இன்றைய பாடத்தையும் இழக்கிறாள். பதினொன்று முதல் பதினான்கு வரையிலான வயதோ நியாயத்தை நிறுத்துப் பார்க்கத் தொடங்கும் வயது. பயந்து பணிவதைப் போலவே, உள்ளுக்குள் நகைப்பதையும் அவ்வயதில் கற்றுக்கொள்கிறார்கள்.

அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் பலர் மறந்துவிட்டனர். உபாத்தியாயர் தவறாமலும் வேளைப்படியும் வரவேண்டும். பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிக்கவேண்டும். பெற்றோரை அழைத்துப் பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்லவேண்டும் என்பன அதில் அடங்கும். சர்க்காரும் தப்ப முடியாது. இவ்வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயராவது வேண்டுமென்று அச்சட்டத்தின் அட்டவணை விதிக்கிறது. அறுபது பிள்ளைகளை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் குரலை உயர்த்துகிறார் என்று குறைகூறுவது தர்மமாகாது.

ஆகவே நாம் வேண்டுவது இது. விதிகள் ஐந்தாறுக்கு மேற்பட வேண்டாம். முதல் வாரத்தில் பிள்ளைகளோடு கலந்து பேசி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சொல்லி, அவற்றைப் பலகையில் எழுதட்டும். உபாத்தியாயர் வேளைக்கு வருவதும், திருத்திய நோட்டைக் குறித்த நாளில் திருப்பித் தருவதும் அவற்றுள் இருக்கட்டும். அரசாங்கப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்கவேண்டுமென்பது சட்டம். அப்பெற்றோர்கள் இந்த ஜாபிதாவைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். உபாத்தியாயரைக் கட்டும் வரி ஒன்றேனும் அதில் இல்லையானால் திருப்பியனுப்பட்டும்.