மெலியோர்க்குக் காவல்

விபுலாநந்த அடிகளார் பிறந்த காரைதீவு, வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை எனவும் தெற்கே நிந்தவூர் எனவும் நீண்டு செல்லும் கடற்கரையூர்களின் நடுவே அமைந்துள்ளது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில் இரு சாராருக்கும் பொதுவானதொரு வழக்கம் உண்டு. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகும். மணமகன் பெண் வீட்டிலே குடிபுகுவான். தாயும் அவளுடைய பெண்மக்களும் வேலிக்கு வேலி அயலவராய் வாழ்வர். ஆதலின் தாயை இழந்த குழந்தை அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ, பெரியம்மா, சின்னம்மா மடியிலோ வளர்வது இங்கே புதுமையன்று. அதற்கென எவரும் விண்ணப்பம் எழுதியதுமில்லை.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த கடற்கோள் அந்த வேலிகளையே வாரிச் சென்றது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். அருகருகே வாழ்ந்த சுற்றத்தார் ஒருங்கே மறைந்தமையால், எஞ்சிய பிள்ளையை ஏற்கும் கைகளும் பல இடங்களில் இல்லாது போயின.

அன்று இடிபாடுகளிடையே உயிரோடு கிடந்த ஒரு கைக்குழந்தையைக் கல்முனை ஆதார வைத்தியசாலைக்குக் கொணர்ந்தனர். அன்றைய பதிவில் அக்குழந்தையின் இலக்கம் 81. பெயர் தெரியாத நிலையில் அந்த இலக்கமே அதன் பெயராயிற்று. ஒன்பது குடும்பத்தார் உரிமை கோரினர் எனப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தை நாடியவரோ ஒரே தம்பதியர் என்பது பின்னர் தெரியவந்தது. அவர்தம் பத்திரங்கள் யாவும் அலையோடு போயிருந்தன. தன் மகவைக் கண்டு கொண்ட தாயைக் காத்திருக்கச் சொல்வது கொடுமையன்றோ என அந்நாளிற் பலர் மனம் நொந்தனர். நோவு நியாயமானதே. ஆயினும் கண்ணீரை மாத்திரம் சான்றாகக் கொண்டு குழந்தையை ஒப்படைக்கும் வழக்கம் ஏற்படின், அதே கண்ணீரோடு வஞ்சகனும் வரக்கூடும். நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. குழந்தையின் மரபணுவிற் பாதி தாயினது, பாதி தந்தையினது. கடலும் அழிக்க மாட்டாத பத்திரம் அது. 2005 பெப்ரவரி 14 அன்று முடிவு வெளியாயிற்று. அத்தம்பதியரே பெற்றோர் என உறுதியாகி, இரு நாட்களில் குழந்தை அவர்கள் கைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட 16-ஆம் இலக்கச் சட்டம், கடற்கோளால் அநாதைகளான சிறுவரின் பாதுகாப்பையும் வளர்ப்புப் பெற்றோரையும் அரசின் மேற்பார்வைக்கு உட்படுத்தியது.

அன்பு வேறு, காவல் வேறு என்பதைக் கல்முனை வழக்கு காட்டிற்று. ஊரார்க்கு ஒருவர் மனத்தை மற்றவர் அறிவர் என்ற நம்பிக்கை மிகுதி. அந்நம்பிக்கையே சில வேளைகளில் தீங்கிற்கு மறைவிடமாகிறது. சிறுவருக்குக் கேடு செய்வோரிற் பலர் அந்நியர் அல்லர். வீட்டிற்குள் வந்து போகும் உரிமை உடையவர்கள். குடும்ப மானம் கருதி விடயத்தை மூடி மறைப்பதால், பிள்ளை அதே வீட்டில் அதே மனிதரின் முன் மறுநாளும் நிற்க வேண்டியதாகிறது.

தட்டுவதற்குக் கதவுகள் உண்டு. 1998-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கம், தமிழிலும் பேசலாம். அவசரமாயின் பொலிசாருக்கு 119. மகளிர் துயருக்கு 1938; மனத்துயருக்கு 1926. தொலைபேசிக்கு அஞ்சுவோர் காரைதீவுப் பிரதேச செயலகத்திற்கு நடந்தே செல்லலாம். அங்கே சிறுவர் பொறுப்பை ஏற்ற உத்தியோகத்தர்கள் உள்ளனர். சிறுவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே துன்புறுத்தினாலோ கைவிட்டாலோ, 1995-இல் தண்டனைச் சட்டக் கோவையிற் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி 2 முதல் 10 ஆண்டு வரை சிறை உண்டு.

தீங்கு நேர்ந்ததென ஐயுறும்போது பலர் செய்யும் பிழை, பிள்ளையை நடுவில் நிறுத்தி மாமன், மச்சான், அயலார் என ஆளுக்கொரு கேள்வி கேட்பதாகும். பிள்ளை சொல்வதைச் சொன்னபடி ஒருவரே கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். உடலுக்குத் தீங்கு நேர்ந்திருப்பின், உடை மாற்றிக் குளிப்பாட்டுமுன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். சிறுவரின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக ஏற்பதற்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடமளிக்கின்றது.

இனி முதியோர். முன்னே கூறிய சீதன வழக்கம் இங்கே மறுமுகம் காட்டுகிறது. இருந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்த தாய்தந்தையர், அவ்வீட்டின் திண்ணையிலேயே விருந்தாளியாய் எஞ்சுவதும் உண்டு. பெரும்பாலான மக்கள் அவர்களைப் பூப்போற் பேணுகின்றனர். பேணாதவர் விடயத்திலே சட்டம் வேண்டியதாகிறது. 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் புறக்கணித்தல் ஆகாது எனப் பிள்ளைகளுக்கு விதிக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர் பராமரிப்புச் சபையில் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து உதவிப்பணம் கோரலாம். மகளின் மீது வழக்கா என்று நாக்கைக் கடித்துக்கொள்ளும் மூதாட்டிகள் அநேகர். அவர்கள் சபைக்குச் செல்லுமுன், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் முதலிலே பேசிப் பார்க்கலாம்.