நஞ்சேறிய நிலமும் அதனை மீட்கும் நிதியும்

நிலமென்றால் அதற்கு விலையுண்டு என்பதே நம்மவர் நம்பிக்கை. ஒரு பரப்புக் காணியின் பொருட்டு உடன்பிறந்தார் இருவர் நீதிமன்றப் படியேறியே முதுமையெய்துவதையும் நாம் கண்டிருக்கின்றோம். ஆயின், இனாமாகக் கொடுப்பினும் ஏற்பதற்கு எவரும் முன்வராத நிலமும் உலகில் உண்டு. இரசாயனத் தொழிற்சாலை, உருக்காலை, எரிவாயுச் சாலை, தோல் பதனிடுஞ் சாலை முதலியன பல்லாண்டுகள் இயங்கி மூடப்பட்ட இடங்களே அவை. அங்கு ஈயமும் தாரும் எண்ணெயும் மண்ணில் ஊறிக் கிடக்கும். துப்புரவாக்கும் செலவு காணியின் பெறுமதியிலும் மிகுமாயின், அதன் உண்மை விலை பூச்சியத்திற்கும் கீழானதன்றோ? இத்தகைய நிலத்தைத் திருத்தி மீண்டும் பயன்கொள்ளப் பணம் எங்கிருந்து வரும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஒரு பாடசாலையின் வரலாற்றிலேயே உளது. நியூயோர்க் மாநிலத்து நயாகரா போல்ஸ் நகரில், வெட்டி முடிக்கப்படாது கைவிடப்பட்ட ‘லவ் கனால்’ என்னுங் கால்வாயில், ஹூக்கர் இரசாயனக் கம்பனி 1942 முதல் 1953 வரை ஏறக்குறைய 21,000 தொன் கழிவைப் புதைத்தது. 1953இல் அந்நிலத்தை நகரக் கல்விச்சபைக்கு ஒரேயொரு டொலருக்கு விற்றது. கழிவு புதைந்துள்ளமையை உறுதியிற் குறிப்பிட்டு, பின்விளைவுகளுக்குத் தான் பொறுப்பில்லை எனவும் எழுதிக்கொண்டது. சபை ஆங்கே பாடசாலை கட்டியது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1970களில் நஞ்சு வீடுகளின் நிலவறைகளிற் கசியலாயிற்று. 1978 ஆகஸ்ட் மாதத்தில் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் அவசர நிலையைப் பிரகடனஞ் செய்தார். பாடசாலை மூடப்பட்டது, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குடிபெயர்ந்தன. துப்புரவுப் பணி முற்றுப்பெற்று, அபாய இடங்களின் தேசியப் பட்டியலிலிருந்து அந்நிலம் நீக்கப்பட்டது 2004இலேயாகும். அதற்குள் செலவு 40 கோடி டொலரை அணுகிவிட்டது. ஒரு டொலருக்கு வாங்கிய நிலத்தின் மெய்யான விலை அதுவே.

இந்நிகழ்ச்சியின் பயனாக 1980 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கழிவைக் கொட்டியவர், கொட்டுவித்தவர், ஏற்றிச் சென்றவர், நிலத்தின் உரிமையாளர் ஆகிய அனைவரையும் அது பொறுப்பாளிகளாக்கியது. கெடுத்தவனைக் கண்டறிய இயலாவிடினும், அவன் முறிந்து போயிருப்பினும் என் செய்வது? அதற்கெனவே ‘சூப்பர்பண்ட்’ என வழங்கும் பொதுநிதியம் நிறுவப்பட்டது. முதல் ஐந்தாண்டுகளுக்கு 160 கோடி டொலர் வகுக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி பெற்றோலியத்தின் மீதும் இரசாயனப் பொருள்கள் மீதும் விதித்த வரியாற் கிடைத்தது. 1995 இறுதியில் அவ்வரி காலாவதியாயிற்று. அதன்பின் நிதியம் பொதுத் திறைசேரியை மேன்மேலும் நாட நேர்ந்தது; தொழிலதிபர் சுமந்த பாரம் குடிமக்களின் தோளுக்கு மாறிற்று. 2022 ஜூலையில் இரசாயன வரியும், 2023 ஜனவரியில் பெற்றோலிய வரியும் மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

கடுமையான இச்சட்டம் எதிர்பாராத தீங்கொன்றையும் விளைத்தது. பழைய ஆலைக் காணியை வாங்குபவன் முன்னோன் செய்த பிழைக்கும் பொறுப்பாளியாவான் என அஞ்சி, முதலீட்டாளர் அதனை அணுகினாரல்லர். வங்கிகளும் அதனை ஈடாக ஏற்கத் தயங்கின. நகர்ப்புறத்து வயலும் காடும் கட்டடங்களாக மாற, நகர்நடுவே ஆலைநிலங்கள் பாழாய்க் கிடந்தன. ஆதலின், 2002இற் பிறிதொரு சட்டம் இயற்றப்பட்டது. வாங்குமுன் நிலத்தின் வரலாற்றை முறைப்படி விசாரித்து, வாங்கியபின்னும் தக்க கவனத்துடன் நடப்பவனுக்கு அது பாதுகாப்பளித்தது. நிலத்தைப் பரிசோதிக்க மானியமும், துப்புரவுக்குச் சுழற்சிக் கடனும் அதன்வழிக் கிடைக்கின்றன. ஒருவர் திருப்பிச் செலுத்தும் பணமே அடுத்தவருக்குக் கடனாகச் செல்வதால் அது சுழற்சிக் கடன் எனப்பட்டது. நம்மூர் ஐக்கிய நாணய சங்கங்களை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று.

மூன்றாவது வழி, வருங்கால வரியை முன்கூட்டியே பயன்படுத்தலாம். கலிபோர்ணியாவில் 1952இல் தொடங்கிய முறை இது. பாழ்நிலமொன்று ஆண்டுக்கு ஓர் இலட்சம் வரி தருகின்றது எனக் கொள்வோம். திருத்தியபின் அது பத்து இலட்சம் தருமாயின், மிகுதியாகும் ஒன்பது இலட்சத்தைப் பிணையாகக் காட்டி நகரசபை கடன் பெறும். அக்கடனால் நிலத்தைத் திருத்தும். அற்லாண்டா நகரில் 1998இல் மூடப்பட்ட உருக்காலையின் 138 ஏக்கர் நிலம், இம்முறையின் துணையுடன் வீடும் கடையும் அலுவலகமும் நிறைந்த பகுதியாகி 2005இல் திறக்கப்பட்டது. எனினும், எதிர்பார்த்த வளர்ச்சி வாராதொழியின் கடன் மாத்திரமே எஞ்சும். அன்றியும், கடன் தீரும்வரை வரியின் மிகுதி அதற்கே செல்வதால், நிலவரியை நம்பியுள்ள பாடசாலைகள் தம் பங்கை இழத்தலுங் கூடும்.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என மாணவர் எண்ணற்க. சுன்னாகத்து மின்னிலையத்தின் எண்ணெய்க் கழிவாற் கிணறுகள் கெட்டமை பற்றிய வழக்கில், நமது உயர் நீதிமன்றம் 2019இல் கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்னுங் கோட்பாட்டைக் கைக்கொண்டு, 2 கோடி ரூபா செலுத்துமாறு மின்னுற்பத்தி நிறுவனத்தைப் பணித்தது. சுண்ணக்கற் பாறையின் மேல் வாழும் நமக்கு ஆறில்லை. நிலத்தடி நீரே உயிர். ஒருவர் வளவிற் சிந்திய எண்ணெய் அயலார் கிணற்றையும் அடையும். காங்கேசன்துறையிலும் பரந்தனிலும் போர்க்காலத்தில் இயக்கம் நின்ற ஆலைகளின் நிலங்களை எப்பணிக்கு எடுப்பினும், முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதித்தல் வேண்டும். அச்செலவு திட்டத்தின் முதற்கணக்கிலேயே இடம்பெறல் வேண்டும்.

மேற்கூறிய மூன்று வழிகளும் நோய் வந்தபின் தேடும் மருந்துகளே. அபாயக் கழிவைக் கையாளும் நிலையங்கள், மூடுங்காலத்துச் செலவுக்குப் போதிய வைப்புப் பணமோ காப்புறுதியோ முற்கூட்டியே காட்டவேண்டும் என்பது அமெரிக்காவில் விதியாகும். தொழிலில் இலாபம் வருங்காலத்தில் ஒதுக்கி வைப்பது எளிது. கம்பனி கலைந்தபின் தேடிப் பிடிப்பது அரிது. நம் பழைய மாணவருள் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் கணக்காளரும் பலர். புதிய ஆலைக்கு அனுமதி வழங்கும் அவையில் அவர்கள் அமரும்போது, ‘இதனை மூடும் நாளிற் செலவு யாருடையது?’ என்னும் வினாவைக் கேட்பாராயின், இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் சிறார் நாளை நல்ல தண்ணீர் குடிப்பர்.