பர்சென்ட் கணக்கில் வராதவர்கள்

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால், ஆஸ்பத்திரி வாசலில் எழும் முதல் கேள்வி, "எத்தனை பர்சென்ட்?" உடம்பில் எத்தனை விழுக்காடு வெந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். இங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2024 பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி. ஒவ்வொரு விபத்திலும் செத்தவர்களை எண்ணினோம். பிழைத்து வீட்டுக்குத் திரும்பியவர்களை யாரும் பின்தொடரவில்லை.

அச்சங்குளம் வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. காயம்பட்டவர்களுக்கு வெந்த விழுக்காட்டைப் பார்த்துத் தொகை நிர்ணயித்தது. எங்காவது ஓர் அளவுகோல் வேண்டும்தான். ஆனால் விரல்களோடு சேர்த்து ஓர் உள்ளங்கை, மருத்துவக் கணக்கில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு. இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை முன்னும் பின்னும் வெந்தாலும் நாலைந்துதான் வரும். திரி சொருகிப் பிழைத்தவருக்கு அந்த நாலைந்தில் பிழைப்பே போய்விடுகிறது. சோறு பிசையவும் சட்டைப் பித்தான் போடவும் இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் தாய். பல வீடுகளில் அவரும் பட்டாசு வேலைக்குப் போனவர்தான். பராமரிக்க உட்கார்ந்ததும் அந்தக் கூலியும் நின்றுவிடுகிறது.

தீப்புண் ஆறுவதோடு வேலை முடிவதில்லை. ஆறும் தோல் சுருங்கி இழுக்கும். விட்டால் விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொள்ளும். அதனால் தினமும் ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்த வேண்டும். காயம்பட்டவர் வலியில் கத்துவார், வைவார், சில நாள் கையைத் தட்டிவிடுவார். மனைவி திரும்பவும் பிடித்து நிமிர்த்துவாள். ஆழமாக வெந்து ஆறிய தோல் வியர்க்காது. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குள், ஈரத்துணியும் விசிறியுமாகப் பகல் போகும். ராத்திரி அரிப்பு தொடங்கும். இருவருக்கும் தூக்கம் இல்லை.

"பொழைச்சுக்கிட்டாருல்ல, தாலி நெலைச்சுதே" என்கிறார்கள் வந்து பார்ப்பவர்கள். அதற்குப் பிறகு அவள் எப்படித் தன் அலுப்பைச் சொல்வாள்? இப்படிக் கிடந்து வேதனைப்படுவதற்கு அன்றைக்கே போயிருக்கலாமோ என்று ஒரு நொடி மனதில் ஓடியிருந்தால், அதை யாரிடம் இறக்கி வைப்பாள்? அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே வெறுப்பாள். அது பாவமல்ல, தாங்க முடியாத சோர்வு. அதை அவளிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். "என்ன பொறுமை இந்தப் பொண்ணுக்கு!" என்று நாம் பாராட்டுவதெல்லாம், அவள் பாரத்தில் கைகொடுக்காமல் நழுவுவதற்கான வழி என்றே எனக்குப் படுகிறது.

சட்டமும் முழுசாகத் துணை நிற்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களைத் தனிப் பிரிவாகச் சேர்த்தது. வெடியில் வெந்தவர்களுக்கு அப்படிப் பிரிவு இல்லை. கை மடங்கிப்போனால், கை கால் இயக்கக் குறைபாடு என்றுதான் சான்று கேட்க வேண்டும். இஎஸ்ஐ காப்பீட்டு அட்டை இருந்தால் ஊதியத்தில் பெரும்பகுதி உதவித்தொகையாகக் கிடைக்கும். உள்குத்தகைக்கு விடப்பட்ட ஆலையில் பெயர் பதியாமல் வேலை பார்த்தவருக்கு அந்த அட்டையே இருக்காது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். நல்ல திட்டம். விபத்து நடந்த ஒவ்வொரு ஊரிலும் தீக்காயத்தோடு இருப்பவர்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் எடுத்து, அவர்கள் வீடுகளுக்கு இந்தச் சேவையைத் தவறாமல் அனுப்ப வேண்டும். போகிறவர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு, "நீங்க எப்படிம்மா இருக்கீங்க, தூங்குறீங்களா?" என்று அவளிடமும் கேட்க வேண்டும். அவளுக்கும் மாதம் ஒரு தொகை வேண்டும். ஆலை உரிமையாளர்களும் அரசும் சேர்ந்தால் அது முடியாத காரியமல்ல.