எந்த ஆங்கில ஒலிப்பு?

சிங்காநல்லூரில் ஆங்கிலம் பயிலும் இளைஞர் இலண்டனாரைப் போல் பேசுவதா, அமெரிக்கரைப் போல் பேசுவதா என்று மயங்கி வாய் திறவாதிருத்தல் தகுமா? ‘கார்’ என்பதன் ஈற்று ரகரத்தை அமெரிக்கருள் பெரும்பாலோர் ஒலிப்பர். தென் இங்கிலாந்தினர் பெரும்பாலும் விடுவர். இரண்டும் பிழையல்ல. நம் நா அதனை ஒலிப்பதும் குற்றமன்று.

கருத வேண்டியது வேறு. நாம் ‘பின்’ என்று ஒன்றாகவே எழுதும் குண்டூசியும் குப்பைத்தொட்டியும் ஆங்கிலத்தில் முதலொலியால் வேறுபடும். ‘போட்டோகிராப்’ முதலசையில் அழுத்தம் பெறும். ‘போட்டோகிராபி’ இரண்டாம் அசையில் பெறும். இந்தியர் ஆங்கிலம் பிறர்க்கு விளங்காமைக்கு அழுத்தம் பிறழ்தல் ஒரு முக்கியக் காரணம் என்பதை ஆர். கே. பன்சாலின் ஆய்வு 1969-இல் எடுத்துரைத்தது.

ஆகவே ஒரு நெறியைத் தேர்ந்து அதில் நிலைத்திருங்கள். அயலார் குரலை நடிக்க வேண்டா. பொருள் தெளிவாக விளங்குமாயின், பேச்சில் கொங்கு மண்ணின் சாயல் இருப்பது இழிவாகாது.