ஆண்கள் ஏன் ‘குடும்பக் கட்டுப்பாடு’ செய்துகொள்வதில்லை?

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட தம்பதிகளோ ஆயிரத்துக்கு மூன்றுதான். சிகிச்சையின் சிரமத்தைப் பார்த்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்கிறார்கள். ஆணுக்கு விதைப்பையின் தோலை மரத்துப்போக வைத்து, சிறு துளை வழியே இரண்டு விந்துக்குழாய்களையும் துண்டித்துக் கட்டுகிறார்கள். கத்தியும் தையலும் இல்லாத இந்த முறை 1974இல் சீனாவில் உருவானது. அன்றே வீட்டுக்குப் போகலாம்.

“ஆண்மை போயிடுமா?” என்பதுதான் முதல் பயம். போகாது. டெஸ்டோஸ்டிரோன் நேரே ரத்தத்தில் கலக்கிறது. அதற்கு இந்தக் குழாய் தேவையே இல்லை. விந்திலும் உயிரணுவின் பங்கு மிகச் சிறிது; மீதியெல்லாம் வேறு சுரப்பிகளிலிருந்து வருவது. ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் தினக்கூலிக்காரருக்கு அந்த ஒரு வாரமே பெரிய தடை.

ஆண்கள் எப்போதுமே ஒதுங்கியவர்கள் என்றும் சொல்ல முடியாது. 1971இல் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976-77இல் மட்டும் 60 லட்சம் ஆண்களுக்கு மேல். வட மாநிலங்களில் பலரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்தார்கள். 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் அரசுகள் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. பிரசவத்துக்கு வந்த பெண் எப்படியும் ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறாள்! என்னைக் கேட்டால், ஆணின் பயத்தைவிட இந்த வசதிதான் பெரிய காரணம்.

இன்னொரு தடையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆபரேஷன் முடிந்த உடனே பலன் கிடைக்காது. குழாயில் மிச்சமிருக்கும் உயிரணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையும் வேண்டும். இதை விட்டுவிட்டு இடையில் கரு தரித்தால், சந்தேகம் மனைவி மேல் விழுகிறது. “எனக்கே பண்ணிவிடுங்கள்” என்று சில பெண்கள் முந்திக்கொள்வதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

குழாயை மறுபடி இணைத்தாலும் குழந்தை பிறக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே, இனிக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் தீர்மானித்த பிறகே இதற்குப் போக வேண்டும். அந்தப் பேச்சைப் பிரசவ வார்டு வரை தள்ளிப்போடாதீர்கள்.