சிறைக்குள் கல்வி: துடைப்பம் யார் கையில், புத்தகம் யார் கையில்?

தமிழ்நாட்டின் ஒன்பது மத்திய சிறைகளுள் பழமையானவற்றில் ஒன்று திருச்சி மத்திய சிறை. 1865இல் கட்டப்பட்ட இந்த வளாகத்தில் இன்று தண்டனைச் சிறைவாசிகளுக்கான தொழிற்பயிற்சி நிலையம் இயங்குகிறது. எழுத்தறிவு வகுப்புகளும், தொலைநிலைக் கல்வி வழியே பட்டம் பெறும் வாய்ப்பும் தமிழகச் சிறைகளில் உள்ளன. ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் புத்தகக் காட்சிகளில் நூல்களைக் கொடையாகப் பெற்றுச் சிறை நூலகங்களுக்குச் சேர்க்கும் முயற்சியும் நடந்துள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: இந்தக் கதவுகள் யாருக்குத் திறக்கின்றன?

இக்கேள்வியை இனித் தட்டிக்கழிக்க இயலாது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சிறைகளில் சாதி எழுத்து வடிவிலேயே விதியாக வாழ்ந்துவந்ததை அம்பலப்படுத்தியது. மேற்கு வங்கச் சிறை விதிகள் துப்புரவுப் பணிக்குக் குறிப்பிட்ட சாதியினரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லின. உத்தரப்பிரதேச விதிகளோ, அத்தகைய பணியைச் செய்து ‘பழகிய’ சமூகத்தைச் சேர்ந்தவரன்றிப் பிற வெறுங்காவல் கைதிகளிடம் அதை ஒப்படைக்கக் கூடாது என்றன. இத்தகைய விதிகள் அரசமைப்பின் 14, 15, 17, 21, 23 ஆகிய பிரிவுகளுக்கு முரணானவை என நீதிமன்றம் அறிவித்தது. மூன்று மாதங்களுக்குள் சிறை விதிகளைத் திருத்தவும், கைதிகளின் பதிவேடுகளில் சாதியைக் குறிக்கும் கட்டத்தை நீக்கவும் ஆணையிட்டது.

தமிழ்நாடு இதற்கு விலக்கன்று. பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் சமூகத்தவரைத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்துவைக்கும் வழக்கம் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. மோதலைத் தவிர்க்கவே இந்தப் பிரிவினை என்பது அதிகாரிகளின் வாதம். ஒழுங்கைக் காக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அதற்காகச் சாதிவாரியாகப் பிரித்துவைப்பதை ஏற்க இயலாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. வெளியே ஊரும் சேரியுமாகப் பிரிந்து வாழ்ந்தவர், உள்ளேயும் அவ்வாறே வாழ்ந்து திரும்பினால், அங்கு நிகழ்ந்ததைச் சீர்திருத்தம் என எப்படி அழைப்பது?

சாதிக்கும் சிறைக் கல்விக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தெளிவாகிறது. தொழிற்பயிற்சி நிலையப் பாடப்பிரிவுகளில் சேர எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்திருக்க வேண்டும். வறுமையாலும் தீண்டாமையாலும் பள்ளியிலிருந்து முன்பே வெளியேற்றப்பட்ட ஒருவர் அந்தத் தகுதிக்கு எங்கே போவார்? பொருத்துநர், மின்பணியாளர் போன்ற பயிற்சிகள் படித்தவருக்குச் செல்ல, படிக்காதவருக்குக் கூட்டலும் கழுவலும் எஞ்சுகின்றன. எந்த விதியும் சாதியைக் குறிப்பிடாமலே பழைய வேலைப் பிரிவினை மீண்டும் நிலைபெற்றுவிடும். எனவே எழுத்தறிவு வகுப்பை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதாமல், தொழிற்பயிற்சிக்கான முதற்படியாக நடத்த வேண்டும். எழுத்தறிவு, எட்டாம் வகுப்புக்கு இணையான தேர்வு, தொழிற்பயிற்சி என்ற தொடர்ச்சி இருந்தால்தான் ஏணி முழுமை பெறும்.

மற்றொரு தடை விசாரணைக் காலம். இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பு வழங்கப்படாத விசாரணைக் கைதிகள். அவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். சிறைத் தொழிலும் பயிற்சியும் பெரும்பாலும் தண்டனை பெற்றோரை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டவை. பிணைத்தொகை கட்டவோ பிணையாளரைக் காட்டவோ இயலாத ஏழை, குற்றவாளி எனத் தீர்ப்பாகாமலே ஆண்டுகளையும் இழக்கிறார். படிக்கும் வாய்ப்பையும் இழக்கிறார்.

இவருக்கு முதலில் தேவைப்படும் கல்வி சட்டக் கல்வியே. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு, காவலில் உள்ளோருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவியை உரிமையாக்குகிறது. திருச்சி மாவட்டத்திலேயே, ஸ்ரீரங்கம் வட்டம் நவலூர் குட்டப்பட்டில், தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியே அதன் மாணவர்கள் மத்திய சிறைக்கும் மகளிர் சிறைக்கும் முறையாகச் சென்று, பிணை மனு முதல் மேல்முறையீடு வரை விளக்கினால், சிறைவாசிகளும் பயன்பெறுவர். நாளைய வழக்கறிஞர்களும் சாதியின் உண்மை முகத்தை அறிவர்.

சிறைத்துறை உடனடியாகச் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, துப்புரவுப் பணியைச் சுழற்சி முறையில் அனைவருக்கும் பகிர்ந்தளித்து, கையால் மலமள்ளுதலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சிறைக்குள்ளும் நடைமுறைப்படுத்துவது. இரண்டாவது, தொழிற்பயிற்சி பெறுவோர் எத்தனை பேர், அவர்களுள் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சீர்மரபினரும் எத்தனை பேர் என ஆண்டுதோறும் வெளியிடுவது. ஒருவரின் பெயரோடு சாதியை ஒட்டிவைக்கும் பதிவேடு வேறு. பாகுபாட்டைக் கண்டறிய உதவும் தொகுப்புக் கணக்கு வேறு. மூன்றாவது, சான்றிதழ்களில் சிறையின் சுவடு இல்லாதிருப்பதை உறுதிசெய்வது.

‘குற்றப் பரம்பரை’ என முத்திரை குத்திய 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிறப்பைக் கொண்டு ஒருவரின் குணத்தையும் தொழிலையும் தீர்மானிக்கும் அதன் சிந்தனை சிறை நிர்வாகத்தை விட்டு அகலும்போதுதான் ‘மறுவாழ்வு’ என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். விடுதலையாகி வாயிலைக் கடப்பவர், உள்ளே நுழைந்தபோது சாதி தமக்கென ஒதுக்கியிருந்த வேலையை மட்டுமே சுமந்து திரும்பக் கூடாது.