புல்லிடைப் பிறந்த மணி

தாம்பரத்தினின்று முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாகப் படப்பைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும், வீட்டுமனைகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே, குறும்புல் படர்ந்த வெளிகள் ஆங்காங்கே இன்னும் எஞ்சியுள்ளன. வழிப்போவார் அவற்றை வெற்றுத் தரை என்பர். ஊர்க்கணக்கு மேய்க்கால் புறம்போக்கு என்னும். அத்தகைய வெளிகளில் வாழும் ஒரு சிற்றுயிரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

ஆங்கிலேயர் இதனை ‘ஸ்மால் கிராஸ் ஜுவல்’ என்பர். ‘புல்மணி’ என நாம் வழங்கலாம். உயிர்நூலார் வழங்கும் பெயர் ‘ஃபிரேயேரியா புட்லி’ என்பது. ஹூகல் என்னும் பெருமகனார் வட இந்தியப் பயணத்தில் திரட்டிய பூச்சிகளை ஆராய்ந்த வியன்னா நகரத்து அறிஞர் கொல்லார், 1844-ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் விவரித்தெழுதினார். ‘புத்லி’ என்னும் இந்திச் சொல் பொம்மையையும் குறிக்கும், கண்மணியையும் குறிக்கும். நம் ‘பாவை’ என்னும் சொல்லும் அவ்விரு பொருளையுந் தருதல் தமிழ் பயில்வார்க்கு உவகை தருவதொன்றாம்.

இரு சிறகையும் விரித்து அளந்தாலும் இப்பூச்சி ஏறத்தாழ 15 மில்லிமீட்டரே இருக்கும். அமர்வதற்கு நம் கட்டைவிரல் நகமே போதும். இந்திய வண்ணத்துப் பூச்சிகளுள் மிகச் சிறியனவற்றில் இது ஒன்று. சிறகின் மேற்புறம் மங்கிய பழுப்பு. அதனை மட்டும் கண்டவர் மணி என்னும் பெயரை நகைப்பர். ஆனால் சிறகை மூடி அமருங்கால் அடிப்புறம் புலனாகும். சாம்பல் படிந்த வெண்மையில் பழுப்புப் புள்ளிகள்; பின்சிறகின் ஓரத்திலோ கரும்புள்ளிகள், அவற்றின்மேல் செம்மஞ்சட் பிறைகள், அவற்றினுள்ளே பொற்கொல்லன் அரத்தூளைத் தூவினாற்போல் பசுநீலப் பொடிகள் மின்னும். இத்துணை வேலைப்பாட்டை இத்துணைச் சிறிய இடத்தில் வேறெங்கும் யான் கண்டதில்லை.

இஃது அரிய பூச்சியன்று. ஆயினும் இதனைக் கண்டோர் அரியர். உயரப் பறத்தல் இதற்கு இயல்பன்று. புல்நுனியை ஒட்டித் தத்தித் தத்திப் பறந்து, சில அடி தூரத்திற்குள்ளாகவே மீண்டும் அமரும். தான் பிறந்த பூண்டை விட்டு நெடுந்தொலைவு செல்வதில்லை. ஆதலின் ஒரு வெளி அழிந்தால் மற்றொரு வெளியைத் தேடிச் சேர்தல் இதற்கு எளிதன்று.

அவுரியின் இனத்துப் படர்பூண்டுகளிலும், தேள்கொடுக்கின் இனத்துச் சிறு பூண்டொன்றிலும் தாய் முட்டையிடும். வெளிவரும் புழு பச்சை நிறத்தது. இலையோடு இலையாய்க் கிடப்பது. அதன் முதுகின் பின்பகுதியில் ஒரு சுரப்பி உண்டு. அதினின்று கசியும் இன்னீரை உண்ண எறும்புகள் வந்து சூழும். ஊனுண்ணும் எறும்பு இப்புழுவைத் தின்னாது. தீண்டித் தீண்டி நீரைப் பெற்று உடனிருக்கும். அவை சூழ்ந்திருக்கப் பிற பகைப்பூச்சிகள் அணுக அஞ்சும்.

தொல்காப்பியனார் மரபியலில் புல்லை ஓரறிவுயிராகவும், எறும்பை மூவறிவுயிராகவும், தும்பியை நாலறிவுயிராகவும் வகுத்தார். வண்ணத்துப் பூச்சியைத் தும்பியின் கிளையாகக் கொள்ளின், நாலறிவுடையது மூவறிவுடையதன் காவலிலும், ஓரறிவுடையதன் ஊட்டலிலும் வளர்தலை இவ்வெளியிற் காணலாம்.

எறும்பின் துணை இன்றியமையாதாயின் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்ததொன்று சான்று. ஆண்டுப் ‘பெரு நீலன்’ என்னும் புல்வெளி வண்ணத்துப் பூச்சி ஒன்றுண்டு, புல்மணியின் குடும்பத்தது. அதன் புழு முதலிற் சில வாரம் காட்டுத் தைம் என்னும் பூண்டின் பூவை உண்டு, பின் நிலத்தில் விழும். ஒருவகைச் செவ்வெறும்பு அதனைத் தன் குஞ்சென மயங்கிப் புற்றுக்குத் தூக்கிச் செல்லும். உள்ளே பத்துத் திங்களளவும் எறும்பின் குஞ்சுகளையே தின்று அது கொழுக்கும். ஆண்டுதோறும் இப்பூச்சி குறைந்து வரக் கண்டோர், வலைகொண்டு பிடிப்பவரையே பழித்தனர், வேலியிட்டுக் காத்தனர். வேலியோ ஆடுமாடுகளையுந் தடுத்தது. 1953-இல் வந்த கொள்ளைநோயால் புல்லைக் கறித்துவந்த முயல்களும் மாண்டன. புல் ஓங்கிற்று; தரை குளிர்ந்தது; வெயிலை நாடும் அவ்வெறும்பு மறைந்தது. உண்மையை ஜெரமி தாமஸ் என்னும் அறிஞர் கண்டறிந்த காலத்தில் பூச்சி சிலவே எஞ்சியிருந்தன. 1979-இல் இங்கிலாந்தில் அது அற்றொழிந்தது. கால்நடைகளை விட்டுப் புல்லைக் குறைத்த பின், 1983-இல் ஸ்வீடன் நாட்டினின்று கொணர்ந்தே அதனை மீட்டும் குடியேற்றினர்.

நம் புல்மணி எறும்பின் புற்றிற் புகுவதில்லை. அத்துணைக் கண்டிப்பும் அதற்கில்லை. எனினும் அதன் பூண்டுகள் தரையோடு படர்வன. நெடும்புல்லும் மரநிழலும் மூடின் அவை நில்லா. மேயும் ஆடும் மாடுமே அவற்றிற்கு வெயிலைத் திறந்து வைக்கின்றன. மனைக்கற்கள் நடப்படுதலை அழிவென்று யாவரும் அறிவர். வெற்றுத் தரை என்றெண்ணி நல்லெண்ணத்தோடு மரக்கன்றுகளை நெருங்க நடுதலும் இப்பூச்சிக்கு அதே கேடு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மரம் வேண்டாமென்பது என் கருத்தன்று. நடுமுன் ஒருமுறை குனிந்து நோக்கலாம்.

காண விரும்புவோர் மழை ஓய்ந்து பூண்டு தழைத்த நாட்களில், காலை பத்து மணிக்குமேல், வெயில் நன்கு ஏறியபின் செல்க. நின்று நோக்கின் தென்படாது. முழந்தாளிட்டு, தன் நிழல் பூண்டின்மேல் விழாதவாறு அசையாதிருப்பின், சிறிது போழ்தில் பழுப்புத் துணுக்கொன்று எழுந்து, ஓரடி பறந்து, சிறகை மூடி அமரும்.